இனிப்பு பன்னில் பாம்பே டோஸ்ட்: பழைய பன் இருந்தா போதுமா?

அக்டோபர் 21, இரவு 8.50 (கேள்வி, கோத்தகிரியிலிருந்து)

பிரெட்டில் பாம்பே டோஸ்ட் எனக்கு நல்லாவே வரும். ஆனா எங்க வீட்டுச் சின்னவனுக்கு பேக்கரி இனிப்பு பன்னில்தான் வேணுமாம். எங்கேயோ சாப்பிட்டுட்டு வந்து ஒரே அடம். மூணு தடவை பண்ணிட்டேன். மேலே கருகிடுது, உள்ளே கொழகொழன்னு நிக்குது, திருப்பினா பாதி கல்லோட ஒட்டிக்குது. புது பன்னில் பண்ணாதே, பழசுதான் சரின்னு அத்தை சொன்னாங்க. மூணு நாள் வெச்சிருந்து பண்ணினேன், அப்பவும் அதே கதை. பன் எத்தனை நாள் பழசா இருக்கணும்? இல்ல, இனிப்பு பன்னுக்கு இது ஒத்தே வராதா?

அக்டோபர் 21, இரவு 10.15

ஒத்து வரும் தங்கச்சி, விட்டுடாதீங்க. குன்னூர்ல வீட்டு மாடியில ரெண்டு அறையை விருந்தினருக்கு விட்டிருக்கோம். காலைப் பலகாரம் என் பொறுப்பு. இட்லி, தோசைக்கு அடுத்து இங்கே அதிகமா கேட்டு வாங்கிச் சாப்பிடறது இந்த பன் டோஸ்ட்தான்.

நான் பண்ற அளவு: இனிப்பு பன் 4, குறுக்கே ரெண்டா வெட்டினா 8 துண்டு. முட்டை 2, பால் 150 மில்லி. கலவையில சர்க்கரை போடவே கூடாது. பிரெட்டுக்குப் போடற பழக்கத்தில ரெண்டு ஸ்பூன் போட்டிருப்பீங்க, கருகினதுக்கு அதுதான் முதல் காரணமா இருக்கும். பன்னிலேயே சர்க்கரை இருக்கு. ரெண்டாவது, தீ. பிரெட்டுக்கு வைக்கிற தீயில பாதி போதும். மூணாவது, ஊறவைக்கிற நேரம். வெட்டின பக்கம் இருபது எண்ற வரைக்கும், தோல் பக்கம் சும்மா தொட்டு எடுத்தா போதும்.

பன் பழசா இருக்கணும்னு அத்தை சொன்னது சரிதான். ரெண்டு நாள் பன் எடுங்க.

அக்டோபர் 22, காலை 6.40

நேத்து ராத்திரி எழுதின கடைசி வரியை வாபஸ் வாங்கறேன். படுத்த பிறகுதான் உறைச்சது: நீங்க மூணு நாள் பன்னில் பண்ணியும் கொழகொழன்னு வந்ததுன்னு தெளிவா எழுதியிருக்கீங்க. நான் அதைத் தாண்டிப் போய் பழைய பாட்டையே பாடிட்டேன்.

காலையில எழுந்ததும் டின்னைத் திறந்து பார்த்தேன். மூணு நாள் முன்னாடி வாங்கின பன் ரெண்டு கிடந்தது. அமுக்கினா மேலே கொஞ்சம் விறைப்பு, ஆனா பிட்டுப் பார்த்தா உள்ளே ஈரம் அப்படியே இருக்கு. தராசில வெச்சேன், 61 கிராம். இதே பன் வாங்கின அன்னைக்கு 62 இருந்தது. மூணு நாளில ஒரே ஒரு கிராம்தான் குறைஞ்சிருக்கு! ஐப்பசி மழை, சன்னல் கண்ணாடியில தண்ணி வழியுது, உப்பு ஜாடியில உப்பு கசியுது. இந்தக் காத்துல பன் எப்படிக் காயும்?

பழசு வேற, காய்ஞ்சது வேற. இந்த ரெண்டையும் நாம ஒண்ணாவே போட்டுக் குழப்பிக்கிறோம். பன் பழசாகறது ஈரம் போறதால மட்டும் இல்ல. சுடும்போது இளகின மாவுச்சத்து ஆறின பிறகு மெதுவா மறுபடி இறுகுது. அதனாலதான் வறண்ட மாதிரி தோணுது, ஈரம் உள்ளேயே இருந்தாலும். 1852-லேயே பூசிங்கோன்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர், காத்துப் புகாம அடைச்சு வெச்ச ரொட்டியும் பழசாகுது, அதையே சூடு பண்ணினா மறுபடி மிருதுவாகுதுன்னு காட்டினார். நமக்கும் தெரிஞ்சதுதான். நேத்து வாங்கின பன்னை இட்லிப் பானை ஆவியில காட்டினா புதுசு மாதிரி மெத்துன்னு ஆயிடும். அந்த இறுகின மாவுச்சத்து 60 டிகிரியைத் தாண்டினதும் இளகிடுது. பழைய பன்னைக் கல்லுல போட்டதும் நடக்கறது இதுதான். இறுக்கம் விட்டுப்போகும், உள்ளே இருந்த ஈரமும் வெளியே வரும், மேலே நீங்க ஊத்தின பாலும் முட்டையும் சேரும். கொழகொழன்னு ஆகாம வேறென்ன ஆகும்?

இன்னொண்ணு, இந்த இறுக்கம் குளிரில வேகமா நடக்கும். ஃப்ரிட்ஜ் குளிருதான் இருக்கறதிலேயே மோசம். மேட்டுப்பாளையத்துல நாலு நாளாகும் பன், இங்கே ரெண்டு நாளில விறைச்சுக்குது. ஆனா காய மாட்டேங்குது. அதனால "பழசு" ஆனாலும் நம்ம ஊரில "காய்ஞ்சது"ன்னு அர்த்தம் இல்ல. அத்தை சமவெளிக்காரங்களா? அங்கே மே மாசம் ஒரு நாள் வெளியே வெச்சா பன் ரஸ்க் ஆயிடும். அங்கே அந்த யோசனை சரி.

ஆக எத்தனை நாள்ங்கற கேள்வியே வேண்டாம். வெட்டி, காய வைங்க. இன்னைக்கு வாங்கின பன்னா இருந்தாலும் பரவாயில்ல.

அக்டோபர் 22, மதியம் 1.20

எப்படிக் காய வைக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. ஓவன் இருந்தா 120 டிகிரியில பத்து, பன்னிரண்டு நிமிஷம். இல்லன்னா தோசைக்கல்லை எண்ணெய் தடவாம, இருக்கறதிலேயே சின்னத் தீயில வெச்சு, வெட்டின பக்கம் கீழே படும்படி அடுக்குங்க. நிறம் மாறக் கூடாது. தொட்டா துணி காய்ஞ்ச மாதிரி இருக்கணும், அப்பளம் மாதிரி இல்ல. என் தராசுக் கணக்கில 62 கிராம் பன் 54-க்கு வந்தா சரியா இருக்கு. அந்த 8 கிராம்தான் முட்டைக் கலவைக்கு இடம்.

அக்டோபர் 22, மதியம் 1.35

உப்பு சொல்லலை. ரெண்டு சிட்டிகை கட்டாயம் போடணும். உப்பு இல்லாத இனிப்பு பன் டோஸ்ட் நாலாவது வாயிலேயே திகட்டிடும்.

அக்டோபர் 24, இரவு 9.05

கொடைக்கானல் அண்ணன் ஒருத்தர், "இது வெள்ளைக்காரன் பிரெட்டுக்குக் கண்டுபிடிச்சது, பன்னில் பண்றது நாம கெடுத்தது"ன்னு எழுதியிருக்கார். அண்ணா, மரியாதையோட மறுக்கறேன்.

ரொட்டியைப் பாலில் நனைச்சுப் பொரிச்சுத் தேன் ஊத்திச் சாப்பிடறது ரோமாபுரி காலத்துப் பழக்கம். பிரெஞ்சுக்காரங்க இதுக்கு வெச்ச பேருக்கு "வீணாய்ப்போன ரொட்டி"ன்னு அர்த்தம். காய்ஞ்சு எதுக்கும் ஆகாமப் போன ரொட்டியைக் காப்பாத்தற வழி. ஸ்பெயினில ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல இதைப் பண்றாங்க, தோர்ரிஹாஸ்னு பேரு. போர்ச்சுகல்ல கிறிஸ்துமஸுக்கு. நமக்கு மட்டும் எப்படியோ பாம்பே டோஸ்ட்.

இனிப்பு ரொட்டியில பண்றதும் புதுசு இல்ல. போர்ச்சுகீசியருக்குப் பாலும் முட்டையும் சர்க்கரையும் போட்டுப் பிசையற ஒரு இனிப்பு ரொட்டி உண்டு. 1878-லிருந்து மதேரா, அசோர்ஸ் தீவுகளிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய்க்குப் போனவங்க அதையும் கொண்டுபோனாங்க. இப்போ அமெரிக்காவுல சதுரமா ஒட்டி ஒட்டி வர்ற ஹவாய் இனிப்பு பன் அந்த வழியில வந்ததுதான். அதை வெட்டி முட்டையில நனைச்சுப் பொரிக்கிறது அங்கே சர்வசாதாரணம். மலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்தவங்க தங்கள் அடுப்பையும் கூடவே கொண்டுவந்த கதை நமக்கும் புதுசு இல்லையே அண்ணா.

ஆனா உங்க வார்த்தையில ஒரு நியாயம் இருக்கு, அதை யோசிச்சுட்டே இருந்தேன். அந்த ரொட்டியில முட்டை இருக்கு, வெண்ணெய் இருக்கு. நனைச்சாலும் அந்த முட்டை உடம்பைப் பிடிச்சு நிறுத்தும். நம்ம பேக்கரி பன் பெரும்பாலும் மைதா, சர்க்கரை, டால்டா, ஈஸ்ட், கொஞ்சம் எசன்ஸ். சர்க்கரையும் கொழுப்பும் மைதாவோட பிடிப்பைத் தளர்த்திடும், அதனாலதான் பன் அவ்வளவு பஞ்சு மாதிரி இருக்கு. பிடிப்பு குறைவு, தாங்கறதுக்கு முட்டையும் இல்ல. ஆகவே வெளிநாட்டுக் குறிப்பில "அஞ்சு நிமிஷம் ஊறட்டும்"னு இருந்தா அதை நம்ம பன்னுக்குச் செய்யாதீங்க. ஒரு நிமிஷத்துல கஞ்சியாயிடும். பார்த்துட்டேன்.

அக்டோபர் 26, காலை 10.30

இன்னைக்கு மாடியில ஒரு குடும்பம், அஞ்சு பேர். மழையில மலை ரயில் ரத்து, கீழே இறங்க முடியாம ஒரு நாள் கூடுதலா தங்கிட்டாங்க. பன் டோஸ்ட்தான் பண்ணினேன். இந்த இழைக்காகவே ஒவ்வொண்ணையும் கவனிச்சுப் பண்ணினேன், நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

கல் இரும்புதான், நான்ஸ்டிக் இல்ல. தண்ணி தெளிச்சேன், துளி முத்து முத்தா உருண்டு ஓடிச்சு. அது தோசைக்கே அதிகச் சூடு. தீயைக் குறைச்சு ரெண்டு நிமிஷம் விட்டேன். மறுபடி தெளிச்சப்போ சுர்ருன்னு பரவி மெதுவா அடங்கிச்சு. அந்தச் சூடு போதும். அரை ஸ்பூன் நெய், அரை ஸ்பூன் வெண்ணெய்.

நனைச்ச துண்டை எடுத்து ஒரு மூச்சு நேரம் கிண்ணத்து மேலேயே பிடிச்சு சொட்ட விட்டேன். வெட்டின பக்கம் முதல்ல கல்லுல. போட்ட உடனே ஈரமான சத்தம், "சளசள"ன்னு. அந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் தொடவே கூடாது. அடியில தண்ணி ஆவியாகிட்டே இருக்குன்னு அர்த்தம், இப்போ திருப்பினா ஒட்டிக்கும். மூணு நிமிஷத்துல சத்தம் மாறி மெலிசா "சிடுசிடு"ன்னு வரும். அப்போ ஓரத்தில தோசைத்திருப்பியை விட்டா தானா நழுவி வரும். உங்க பன் பாதி கல்லோட போனது இந்த இடத்துலதான்னு நினைக்கறேன். அவசரப்பட்டிருப்பீங்க. சின்னவன் பக்கத்துல நின்னு அடம் பிடிச்சா யாரா இருந்தாலும் அவசரப்படுவாங்க.

திருப்பினதும் மூடி போட்டு ஒன்றரை நிமிஷம். ஆவியில நடுப்பகுதி வெந்துடும். அப்புறம் மூடியை எடுத்துட்டு இன்னொரு நிமிஷம், மேலே ஈரம் போகணும். நடுவில விரலால அமுக்கினா எழும்பி வரணும். குழி விழுந்து அப்படியே நின்னா உள்ளே முட்டை இன்னும் பச்சை.

இன்னைக்கு எல்லாம் நல்லா வந்தது, ரெண்டு துண்டு தவிர. அந்த ரெண்டிலயும் டூட்டி ஃப்ரூட்டி இருந்தது. பப்பாளிக்காயைப் பாகில ஊறவெச்ச துண்டுதானே அது, முழுக்கச் சர்க்கரை. கல்லுல பட்ட இடமெல்லாம் கறுப்புப் புள்ளி, கசப்பு. டூட்டி ஃப்ரூட்டி பன்தான் கிடைக்குதுன்னா வெட்டின பக்கத்துல தெரியற துண்டுகளைக் கத்தி முனையால நோண்டி எடுத்துடுங்க. எடுத்ததைக் கடைசியில மேலே தூவிக்கலாம், பசங்களுக்கு அதுவே கொண்டாட்டம்.

அக்டோபர் 26, மாலை 4.10

வெண்ணெய் மட்டும் போட்டா என்னன்னு கேள்வி. வெண்ணெயில இருக்கற பால் கசடு சீக்கிரம் கருகும், பன்னோட சர்க்கரையும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம். நெய் மட்டும் போட்டா கருகாது, ஆனா டோஸ்ட் கொஞ்சம் கேசரி வாசம் அடிக்கும். அதனாலதான் பாதிக்குப் பாதி. ரீஃபைண்ட் எண்ணெயில பண்ணினா பன் டோஸ்ட்டோட உயிரே போயிடும்னு நான் நம்பறேன்.

அக்டோபர் 29, இரவு 8.00

"மலையில எதுவுமே சரியா வேகாது, அதான் உங்களுக்கெல்லாம் நடுவில பச்சையா நிக்குது"ன்னு கோயம்புத்தூர் தம்பி ஒருத்தர். இதுக்குக் கொஞ்சம் விரிவாவே பதில் சொல்லணும், ஏன்னா பாதி சரி.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும்னு கணக்கு வெச்சா, இங்கே தண்ணி 94 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும். ஊட்டியில அதுக்கும் ஒண்ணு ரெண்டு குறைவு. பருப்பும் கொண்டைக்கடலையும் வேக மாட்டேங்கறது அதனாலதான், குக்கர் இல்லாம இங்கே குடும்பம் நடத்த முடியாது. ஆனா முட்டைக்கு 94 தேவையே இல்ல தம்பி. வெள்ளைக்கரு 60-ஐத் தாண்டினதும் இறுக ஆரம்பிக்கும், மஞ்சள் கரு 70-க்குள்ள. பால் கலந்த முட்டை 80, 85-ல கெட்டியாயிடும். அதுக்கு மலையிலயும் சமவெளியிலயும் ஒரே கதைதான்.

மேலே சிவக்கறதுக்கு மட்டும் 140 டிகிரிக்கு மேலே வேணும், அதைக் கல் பார்த்துக்கும், தண்ணி இல்ல. ஆனா ஒண்ணு: ஈரம் இருக்கற வரைக்கும் அந்த இடம் கொதிநிலையைத் தாண்டாது. சுத்திச் சுத்தி அங்கேயேதான் வந்து நிக்கறோம். ஈரமான பன்னுக்குச் சிவக்க நேரம் ஆகும், பொறுமை போய்த் தீயைக் கூட்டுவோம், ஈரம் போன ஓரம் கருகும், நடு அப்படியே இருக்கும். குத்தம் உயரத்து மேலே இல்ல, மழை மேலே.

அக்டோபர் 31, இரவு 11.20

தூக்கம் வரலை, மழைச் சத்தம். ஒண்ணு ஞாபகம் வந்தது.

எங்கப்பா இங்கே ஒரு பேக்கரியில ராத்திரி வேலை பார்த்தார். விறகு அடுப்பு. விடியற்காலையில வரும்போது விக்காம மிஞ்சின பன்னைத் துணிப்பையில கொண்டுவருவார், பை முழுக்க ஈஸ்ட்டும் புகையும் கலந்த வாசம். அம்மா அதை அப்படியே எங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க. அருவாமணையில ரெண்டா வெட்டி, முறத்துல வெட்டின பக்கம் மேலே தெரியற மாதிரி அடுக்கி, கணப்புக்குப் பக்கத்துல ஸ்டூல் மேலே வைப்பாங்க. அரை மணிக்கு ஒரு தடவை முறத்தைத் திருப்புவாங்க. நாங்க பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தொட்டா மேலே சொரசொரப்பா இருக்கும், உள்ளே கொஞ்சம் மெத்துன்னு. முட்டை வாரத்துக்கு ரெண்டோ மூணோதான் வரும். ஒரு முட்டையை அரை லிட்டர் பாலில அடிச்சு எட்டுத் துண்டு பண்ணுவாங்க. அவ்வளவு தண்ணிக் கலவையிலயும் ஒரு துண்டு கூட உடைஞ்சதா ஞாபகம் இல்ல. இப்போதான் புரியுது, பன் அவ்வளவு நல்லாக் காய்ஞ்சிருந்தது, எவ்வளவு பாலையும் தாங்கிச்சு.

நான் தராசு வெச்சு 54 கிராம்னு கண்டுபிடிச்சதை அம்மா முறத்தை வெச்சே செஞ்சிருக்காங்க. கேட்டுக்க இப்போ அவங்க இல்ல.

நவம்பர் 1, காலை 7.00

ராத்திரி எழுதினதைப் பார்த்துட்டு யாராவது கரி அடுப்பை அறைக்குள்ள வெச்சு பன் காய வைக்கப் போறீங்களோன்னு பயமா இருக்கு. செய்யாதீங்க. எங்க கணப்புக்குப் புகைபோக்கி இருந்தது, சன்னலும் திறந்தே இருக்கும். மூடின அறையில கரி விடற விஷவாயு ஆளையே கொன்னுடும், வாசமும் வராது, தெரியவும் தெரியாது. கேஸ் அடுப்புல தோசைக்கல்லே போதும்.

நவம்பர் 4, மாலை 5.45

எதிர் வீட்டம்மா முட்டை தொட மாட்டாங்க. "எனக்கும் ஒண்ணு பண்ணிக் கொடேன்"னு கேட்டாங்க. கஸ்டர்ட் பவுடர் எடுத்தேன். அதோட பிறப்பே இதுக்குத்தான்: பர்மிங்ஹாம்ல ஆல்ஃப்ரெட் பேர்டுன்னு ஒரு மருந்துக்கடைக்காரர், மனைவிக்கு முட்டை ஒத்துக்காதுன்னு 1837-ல சோளமாவை வெச்சு முட்டையில்லாத கஸ்டர்ட் பண்ணினார்.

முதல் தடவை பச்சைப் பாலில ரெண்டு ஸ்பூன் கரைச்சு பன்னை நனைச்சேன். மாவு அடியில தங்கிடுச்சு, பன் வெறும் பாலைக் குடிச்சது, கல்லுல போட்டா மேலே மாவு வாசம். எதிர் வீட்டம்மா ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டாங்க, எனக்குத்தான் மனசு கேட்கலை. மறுநாள் 200 மில்லி பாலில ஒன்றரை ஸ்பூன் கரைச்சு, கொதி வர்ற வரைக்கும் கிண்டி, ரசத்தை விடக் கொஞ்சம் கெட்டியா இருக்கும்போதே இறக்கி ஆற வெச்சேன். அதுல நனைச்சது அருமையா வந்தது. முட்டை டோஸ்ட் மாதிரி உப்பாது, ஆனா மேலே மொறுமொறுன்னு ஒரு தோல் வரும். இதுக்கும் பன் காய்ஞ்சிருக்கணும், சொல்லவே வேண்டாம்.

நவம்பர் 5, இரவு 9.30

கல்யாண வீட்டு பிரெட் அல்வாவில ரொட்டியை முதல்ல நெய்யில பொரிச்சுட்டு அப்புறம்தானே பாலில போடறாங்கன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். நல்ல கண்ணு தம்பி. ஹைதராபாத் டபுள் கா மீட்டாவும் அதே வழிதான். பொரிக்கும்போதே ஈரம் போயிடுது, அப்புறம் எவ்வளவு பால் ஊத்தினாலும் வடிவம் நிக்குது. ஆக, நான் ரெண்டு வாரமா எழுதினதையே பிரியாணி மாஸ்டர்கள் எத்தனையோ காலமா செஞ்சுட்டிருக்காங்க.

நவம்பர் 8, காலை 8.15

கோபத்தோட எழுதறேன். நேத்து இங்கே ஒரு கடையில ஆறு பன் வாங்கினேன். அன்னைக்குப் போட்டதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. வீட்டுல வெட்டிப் பார்த்தா ரெண்டுல அடிப்பக்கம் காகிதம் ஒட்டின இடத்துல பச்சைப் புள்ளி. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். "அந்த இடத்தை வெட்டிட்டு சூடு பண்ணிக்கோங்க, முட்டையில போட்டா ஒண்ணும் தெரியாது"ன்னு பதில். தெரியாதுங்கறதுதான் இங்கே ஆபத்தே. பன் மாதிரி மெத்துன்னு இருக்கறதுல பூஞ்சை நூல் கண்ணுக்குத் தெரியற புள்ளியைத் தாண்டி உள்ளே ஓடியிருக்கும். அது விடற நஞ்சு சில சமயம் சூட்டுக்கும் போகாது. முழு பன்னையும் தூக்கிப் போடணும், ஒட்டிக்கிட்டிருந்த பக்கத்து பன்னையும் சேர்த்து.

"பழைய பன்தான் நல்லது"ங்கற பேச்சு எங்கே கொண்டுவிடுது பாருங்க. மழைக்காலத்துல பழசாக்கறேன்னு டின்னில அடைச்சு வெச்சா பூஞ்சைதான் வளரும். புதுசா வாங்குங்க, உடனே வெட்டிக் காய வைங்க.

நவம்பர் 9, மாலை 6.30

மேலே என்ன ஊத்தலாம்? சர்க்கரைப் பாகு மட்டும் வேண்டாம், ஏற்கெனவே இனிப்பு. புளிப்புதான் வேணும். மே மாசம் பிளம்ஸ் மலிவா கிடைச்சப்போ கொட்டை எடுத்து, கிலோவுக்கு 400 கிராம் சர்க்கரை போட்டு, தோலோட வேக வெச்சு பாட்டில்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன். தோலை எடுக்காதீங்க, அந்தச் சிவப்பும் துவர்ப்பும் அதுலதான் இருக்கு. ஒரு கரண்டி சூடு பண்ணி ஊத்தினா பன்னோட எசன்ஸ் வாசமே அமுங்கிடும். பிளம்ஸ் இல்லாதவங்க மரத்தக்காளியைச் சுட்டுத் தோல் உரிச்சு, தேன் விட்டு மசிச்சுப் பாருங்க.

வாசத்துக்குப் பட்டைப் பொடிதான் எல்லாரும் போடறாங்க. நான் ஜாதிக்காய். பர்லியார் பக்கம் போறப்போ ஓட்டோட வாங்கிட்டு வருவேன். கலவையில நாலே உரசல், அதுக்கு மேலே போட்டா மருந்து மாதிரி ஆயிடும்.

நவம்பர் 10, காலை 11.00

"வர்க்கியில பண்ணலாமா அக்கா?" ஊட்டியிலிருந்து கேள்வி. வர்க்கியை டீயில நனைக்கறதோட நிறுத்திக்கணும். அடுக்கடுக்கா பிரியற பண்டம் அது, முட்டையில போட்டா கிண்ணத்துலயே கலைஞ்சு போயிடும்.

நவம்பர் 12, இரவு 8.40

எழுதிட்டேனே தவிர மனசு ஓயலை. டின் அடியில வர்க்கித் தூள் ஒரு பிடி கிடந்தது. பன்னைக் கலவையில நனைச்சு, வெட்டின பக்கத்தை மட்டும் அந்தத் தூளில அழுத்தி எடுத்துக் கல்லுல போட்டேன். தீ இன்னும் ஒரு படி குறைவு. என்ன மொறுமொறுப்பு! வெளியே வர்க்கி, உள்ளே பன். ஊட்டித் தம்பி, உங்க கேள்விக்கு நான் கொடுத்த பதில் அவசரப் பதில். முழு வர்க்கி வேண்டாம், தூள் கட்டாயம் வேணும்.

நவம்பர் 15, மாலை 7.10

கோத்தகிரித் தங்கச்சி எழுதியிருக்காங்க: காய வெச்சுப் பண்ணினேன், ஒட்டலை, கருகலை, சின்னவன் மூணு சாப்பிட்டான், ஆனா நடுவில விரல் அகலத்துக்கு இன்னும் மெதுவா இருக்குன்னு.

படத்தைப் பார்த்ததும் புரிஞ்சது. உங்க பேக்கரி பன் எங்க பன்னை விட உயரம். ரெண்டா வெட்டினா ஒவ்வொண்ணும் மூணு சென்டிமீட்டர் இருக்கும் போல. மூணா வெட்டுங்க. துண்டு ரெண்டு சென்டிமீட்டருக்கு மேலே போகக் கூடாது. முதல் நாள் நான் "குறுக்கே ரெண்டா"ன்னு எழுதினது என் பன்னுக்குத்தான். நடுத் துண்டுக்கு ரெண்டு பக்கமும் தோல் இல்லாததால அது அதிகமா குடிக்கும், ஒவ்வொரு பக்கமும் பத்து எண்ணினா போதும்.

நவம்பர் 16, காலை 9.25

ஆமா, மொத்தமா காய வெச்சு எடுத்து வைக்கலாம். ஃப்ரிட்ஜ்ல வேண்டாம், ஃப்ரீசர்ல. காய்ஞ்ச துண்டு நல்லா ஆறினதும் கவரில போட்டுக் காத்தை அமுக்கி எடுத்துட்டு மூடுங்க. பண்ணும்போது எடுத்து கால் மணி நேரம் தட்டுல பரப்பி வெச்சா போதும். மேலே பனி உருகின ஈரம் தெரிஞ்சா கல்லுல ஒரு நிமிஷம் வெறுமனே காட்டிட்டு அப்புறம் கலவையில போடுங்க. நான் ஒரு டஜன் துண்டு அப்படித்தான் வெச்சிருக்கேன். மாடியில நாளைக்கு ஆள் வர்றாங்க.